எட்டுப் பேர் உட்காரும் கல்

மலேசியாவில் தம்பின் டவுனிலிருந்து கால் மணி நேரம் உள்ளே போனால் வரும் அந்தச் செம்பனைத் தோட்டத்தில், யாருக்கு எந்தக் காரியம் ஆக வேண்டும் என்றாலும் முதலில் தேடுவது தனலெட்சுமியைத்தான். பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டுமா, சிரம்பான் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்க வேண்டுமா, தைப்பூசத்துக்கு ரயில் டிக்கெட் எடுக்க வேண்டுமா, "கிராணியம்மா இருக்காங்களா?" என்று வாசலில் வந்து நிற்பார்கள். அவளும் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு போனை எடுப்பாள். ஆனால் சும்மா செய்து கொடுத்துவிட மாட்டாள். "போன மாசமே வரச் சொன்னேன், இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?" என்று நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் செய்வாள். அவளிடம் திட்டு வாங்கினால் காரியம் நடந்த மாதிரி என்று தோட்டத்தில் ஒரு நம்பிக்கையே உண்டு.

நாற்பத்தோரு வருஷம் அந்தத் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. அங்கே முதல் பெண் கிராணியும் அவள்தான். வேலைக்கு வந்தவர்கள் பேரை நாள்தோறும் செக்ரோலில் பதிவதில் தொடங்கினாள். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டம் மூன்று கம்பெனி கைமாறியது, தமிழாட்கள் டவுனுக்குப் போய் வங்காளதேசத்து ஆட்கள் வந்தார்கள், மானேஜர்கள் பதினோரு பேர் வந்து போனார்கள். தனலெட்சுமி மட்டும் அதே மேசையில் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதிலாகச் சொல்லி வைத்தாள். உண்மையில் பெரிய கதை ஒன்றும் இல்லை. அப்பா முருகையா ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்தார். அவர் போன பிறகு அம்மா ஆறு வருஷம். யாராவது பார்க்க வேண்டும், வீட்டில் இருந்தவள் பார்த்தாள்.

வீட்டில் இல்லாதவன் சுகுமாறன். அவளோடு இரட்டையாகப் பிறந்தவன், அவளுக்குப் பத்து நிமிஷம் இளையவன். நீலாயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மனைவி விமலா, பேங்கில் வேலை பார்க்கும் மகள் ஷாமினி, ஒரு மகன், ஐந்து பேரப்பிள்ளைகள் என்று நிறைந்த குடும்பம். கெட்டவன் என்று வாய் கூசாமல் சொல்ல முடியாது. தீபாவளிக்குத் தவறாமல் வருவான், புடவை கொண்டு வருவான். அக்காவுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை வந்ததும் இல்லை. அவள்தான் எதையும் வேண்டாமென்று சொல்லிப் பழகியவளாயிற்றே.

இந்த மே மாதம் இருவருக்கும் அறுபது நிறைந்தது. சுகுமாறனுக்குச் சிரம்பான் கோயிலில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. மாலை மாற்றி, மறுபடியும் தாலி கட்டி, மேளம் வைத்து, முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டு ஜாம் ஜாம் என்று நடந்தது. அவனோடு ஒரே வயிற்றில் கிடந்தவளுக்கு என்ன நடந்தது என்றால், அவள் அன்றைக்குக் குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள். விமலாவின் அண்ணி ஒருத்தி, "மொதக் கல்யாணமே ஆகாதவங்களுக்கு ரெண்டாங் கல்யாணம் எப்படிப் பண்றதாம்?" என்றாள். மண்டபமே சிரித்தது. தனலெட்சுமியும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து புடவையை மடிக்கும்போதுதான் கோபம் வந்தது. தாமதமாக வந்தாலும் நன்றாகவே வந்தது.

அறுபதாம் கல்யாணத்தோடு விட்டார்களா என்றால் இல்லை. மாதக் கடைசியில், பிறந்த தேதியை ஒட்டி, கிள்ளான் துறைமுகத்திலிருந்து மூன்று ராத்திரிக் கப்பல் பயணம் ஒன்றுக்கும் ஷாமினி டிக்கெட் எடுத்திருந்தாள். மொத்தம் பதினாலு பேர். அதில் தனலெட்சுமியும் ஒருத்தி. கூப்பிடவில்லை என்று சொன்னால் பாவம்.

கப்பலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஷாமினி போன் செய்தாள்.

"அத்தை, கப்பல்ல சாப்பாடு டிக்கெட்டோட சேர்ந்ததுதான். ஆனா ஸ்பெஷல் ரெஸ்டாரண்டுன்னு சிலது இருக்கு. அதுக்குத் தனிக் காசு, முன்கூட்டியே புக் பண்ணணும். அப்பா பர்த்டே அன்னிக்கு அங்க டின்னர் வைக்கலாம்னு அம்மா சொல்றாங்க. எனக்கு ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை. நீங்க பண்ணிடுறீங்களா?"

"எத்தன பேருக்கு?"

"எட்டு. நாலு ஜோடி."

தனலெட்சுமி மனசுக்குள் எண்ணினாள். சுகுமாறனும் விமலாவும், ஷாமினியும் புருஷனும், மகனும் மருமகளும், விமலாவின் அண்ணனும் அந்தச் சிரிப்புக்காரி அண்ணியும். சரியாக எட்டு. அதற்குள் விமலா போனை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, பிள்ளைங்க அஞ்சு பேரு இருக்காங்கல்ல. நீங்க கூட இருந்தா எங்களுக்குப் பயம் இல்ல. அவங்கள பஃபேக்குக் கூட்டிட்டுப் போயி வேணுங்கறத எடுத்துக் குடுங்க. நாங்க ஜோடி ஜோடியா உக்காந்தா போட்டோவுக்கும் நல்லாருக்கும்லா."

"சரி," என்றாள் தனலெட்சுமி. அந்த வார்த்தைக்கு அவள் வாயில் நிரந்தர வேலை.

முதலில் விமலா கேட்டது, இருப்பதிலேயே விலை கூடின கடையை. கப்பலின் ஆப்பைத் திறந்து பார்த்த தனலெட்சுமி அவளைத் திரும்பக் கூப்பிட்டாள். "அது மாட்டிறைச்சிக் கடை விமலா. கோயில்ல மாலை மாத்தின கையோட மாடு சாப்பிடப் போறீங்களா?" பிறகு ஜப்பான்காரர் கடை என்று முடிவாயிற்று. தெப்பன்யாக்கி என்று பேர். பெரிய இரும்புக் கல் ஒன்று, அதைச் சுற்றி மூன்று பக்கமும் எட்டு நாற்காலி, நாலாவது பக்கம் சமையல்காரர் நின்று கண் முன்னாலேயே எறாலும் கோழியும் வாட்டித் தட்டில் போடுவார். படத்தைப் பார்த்த தனலெட்சுமிக்கு அது திருவிழாவில் வைக்கும் தோசைக்கல் மாதிரிதான் தெரிந்தது. அதற்கு இவ்வளவு காசா என்று நினைத்துக்கொண்டாள்.

புக்கிங் திறக்கிற அன்று காலை பத்து மணிக்கு, ஒன்பதே முக்காலிலிருந்து போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடையில் மொத்தமே மூன்று கல். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பந்தி, எட்டு மணிக்கு ஒரு பந்தி. பத்து அடித்து முதல் நிமிஷத்திலேயே எட்டு மணிப் பந்தி நிரம்பித் திரையில் சிவந்துபோனது. ஆறு மணியில் ஒரு முழுக் கல் இருந்தது. பேர் கேட்டது, அறை எண் கேட்டது, எத்தனை பேர் என்று கேட்டது. வழக்கம்போலத் தன் பேரையும் தன் அறையையும் போட்டு, எட்டு என்று தட்டி, மூச்சை விட்டாள். தோட்டத்தில் யாருக்குப் புக்கிங் செய்தாலும் அவள் பேரில்தான் செய்வாள். நாளைக்கு ஏதாவது தகராறு என்றால் போய் நிற்கப்போவது அவள்தானே.

அப்போது போனில் ஒரு பலூன் படம் வந்தது. பயணத்தின் இரண்டாம் நாள் உங்கள் பிறந்தநாள், அன்று இதே கடையில் ஆறு மணிப் பந்தியில் கப்பலின் அன்பளிப்பாக உங்களுக்கு ஓர் இடம், சின்ன கேக்கும் உண்டு, வேண்டுமா என்று கேட்டது. முருகையா மகள் தனலெட்சுமி, மே முப்பத்தொன்று. பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கப்பலே கண்டுபிடித்திருந்தது. இடம் பக்கத்துக் கல்லில், யாரோ ஏழு பேரோடு.

அப்படியானால் சுகுமாறனுக்கும் பலூன் போயிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். போகாது. அவனுக்குக் காகிதத்தில் பிறந்தநாள் செப்டம்பர் இரண்டு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தபோது பெண் குழந்தை ஊரைக் கூட்டி அழுதுகொண்டு வந்தது. பையன் சத்தமில்லாமல், நீலம் பாரித்து வந்தான். அந்தக் காலத்தில் பிறப்பைப் போலீஸ் ஸ்டேஷனில்தான் பதிவார்கள்; முருகையா மகளை மட்டும் போய்ப் பதிந்துவிட்டு வந்தார். பையன் பிழைத்து நிற்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பது அவர் எண்ணம். மூன்று மாதம் கழித்துப் பையன் கொழுகொழுவென்று ஆனான். ஆனால் இப்போது போய்ப் பதிந்தால் தாமதத்துக்கு அபராதம் கேட்பார்கள். அதனால் மனுஷன் நேராகப் போய், போன வாரம்தான் பிறந்தான் என்று சொல்லிவிட்டார். ஒரு தாய் மூன்று மாதத்தில் இரண்டு தடவை எப்படிப் பெற்றாள் என்று எழுதினவர் கேட்கவில்லை. அதற்கப்புறம் அறுபது வருஷம் எந்த ஆபீசும் கேட்கவில்லை.

தனலெட்சுமி பலூனைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். இதுவரை அவளுக்குப் பிறந்தநாள் என்று யாரும் ஓர் இலை போட்டதில்லை. அம்மா இருந்த வரைக்கும் தம்பிக்குப் பாயசம் வைத்த நாளில் அவளும் ஒரு டம்ளர் குடித்திருக்கிறாள். இப்போது முன்பின் தெரியாத ஒரு கப்பல் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. வேண்டும் என்று தட்டினாள்.

மறைக்கத் தெரியாதவள், அன்றைக்கே ஷாமினியிடம் சொல்லிவிட்டாள். ஷாமினி சந்தோஷப்பட்டாள். விமலா படவில்லை.

"அக்கா, அத இவரு பேருக்கு மாத்திடுங்களேன். அவருக்குத்தானே கொண்டாடுறோம்."

"கேட்டேன். மாத்த முடியாதாம். பாஸ்போர்ட் தேதிதான் கணக்காம்."

"அப்ப கேன்சல் பண்ணிடுங்க. பக்கத்துக் கல்லுல நீங்க தனியா உக்காந்து கேக் வெட்டினா, பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? நாங்க ஒதுக்கி வச்ச மாதிரி இருக்கும்."

ஒதுக்கி வைக்கவில்லையா என்று கேட்கவில்லை. "கேன்சல் பண்ண மாட்டேன் விமலா," என்று மட்டும் சொன்னாள். "அஞ்சரைக்கே பிள்ளைங்களுக்கு வயிறு நெறைய வாங்கிக் குடுத்துட்டு, பெரியவகிட்ட பாத்துக்கச் சொல்லிட்டு வரேன். என் சாப்பாடு ஒரு மணி நேரம்."

அன்று சாயங்காலம் சுகுமாறன் கூப்பிட்டான். "தனம், விட்டுக்குடேன் லா. ஒரு சாப்பாடுதானே."

"ஒரு சாப்பாடுதானே சுகு. நீங்க விட்டுக்குடுங்க."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

கப்பல் ஏறின முதல் நாள் நல்லபடியாகத்தான் போனது. பிள்ளைகள் நீச்சல் குளத்தைவிட்டு வெளியே வரவில்லை. தனலெட்சுமி துண்டும் கையுமாகக் கரையில் நின்றாள். மறுநாள் காலை, எடுத்து வைத்திருந்த மெரூன் பட்டைக் கட்டிலில் விரித்துவிட்டு, நேரத்தை ஒருமுறை சரிபார்க்கலாம் என்று ஆப்பைத் திறந்தாள். எட்டுப் பேர் கல் இருந்தது. பலூன் இல்லை.

ஐந்தாம் மாடியில் புக்கிங் கவுண்டர். அறை அட்டையையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கேட்டாள். கவுண்டரில் இருந்த பிலிப்பைன்ஸ் பெண் திரையைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள்.

தனலெட்சுமிக்குப் புரியவில்லை. அந்தப் பெண் விளக்கினாள். இன்று காலை உங்கள் தம்பி வந்தார், உங்களுக்கு உடம்பு முடியவில்லை, வர மாட்டீர்கள் என்று சொன்னார், ஒரே குழுவில் இருப்பவர் என்பதால் எடுத்துவிட்டோம், காத்திருந்த வேறொருவருக்கு அந்த இடம் போய்விட்டது, மன்னிக்க வேண்டும்.

விமலா என்றால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. விமலா வந்தவள். இவன் கூடவே வந்தவன். தனலெட்சுமிக்குக் கண் கலங்கியது, கவுண்டர் என்றும் பார்க்காமல். அந்தப் பெண் பதறிப்போய் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள். பிறகு ஏதோ தட்டிப் பார்த்துவிட்டுத் தயக்கமாகக் கேட்டாள். ஆனால் மேடம், உங்களுக்குத்தான் ஆறு மணிக்கு இடம் இருக்கிறதே, எட்டுப் பேர் கல் உங்கள் பேரில்தானே இருக்கிறது, எட்டில் முதல் ஆள் நீங்கள், மற்ற ஏழு பேர் பேரை நீங்கள் போடவில்லை, யாரை அழைத்து வருவது என்பது உங்கள் விருப்பம்.

தனலெட்சுமி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு நாற்காலி போட முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். முடியாது, நாற்காலிகள் தரையோடு திருகி வைத்தவை, கப்பல் ஆடும் அல்லவா என்றாள் அந்தப் பெண்.

"நல்லது," என்று சொல்லிவிட்டு வந்தாள். பகல் முழுக்க யாரிடமும் மூச்சு விடவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கப்பலைச் சுற்றினாள். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். சுகுமாறன் எதிரே வந்தபோதெல்லாம் போனைப் பார்த்தபடி கடந்து போனான். அதையும் பார்த்துக்கொண்டாள்.

ஐந்தே முக்காலுக்கு மெரூன் பட்டும் கழுத்தில் ரெட்டைவடச் சங்கிலியுமாகக் கடை வாசலில் நின்றாள். பேரைச் சொன்னாள். கதவருகில் நின்றவர் அறை அட்டையைப் பார்த்துவிட்டு, குனிந்து வணங்கி, உள்ளே அழைத்துப் போனார். கல்லுக்கு நேர் எதிரே நடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஆறு மணிக்கு எட்டுப் பேரும் வந்தார்கள். விமலா முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க இங்க என்ன பண்றீங்க? பிள்ளைங்க எங்க?"

"ரூம்ல டிவி பாக்குறாங்க. இப்ப ஒரு ஆள் வரும்னு பெரியவகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

விமலாவின் அண்ணன் எதையும் கவனிக்காமல் போய் உட்கார்ந்தார். அவர் பின்னால் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பின்னால் நின்று போன் பேசிக்கொண்டிருந்த சுகுமாறன் நிமிர்ந்து பார்த்தபோது அவன் ஒருத்தன்தான் நின்றுகொண்டிருந்தான். ஊழியரைக் கூப்பிட்டு நாற்காலி கேட்டான். அவர் தரையைக் காட்டித் தலையை ஆட்டினார்.

"தனம், என்னா இது?"

"எடம் இல்ல சுகு."

"தெரியுது. எனக்கு அறுபதுன்னுதானே இந்த டின்னரே."

"எனக்கும்தான். காலைல கவுண்டருல எனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னியாமே. என்ன ஒடம்புன்னு சொன்ன?"

ஷாமினி, "அப்பா?" என்று கேட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு விஷயமே தெரியாது என்பது நன்றாகத் தெரிந்தது. விமலா எதிரில் இருந்த வெறுந்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல சண்ட வேணாம்னுதான்," என்றான் சுகுமாறன். "நீ எப்பவும் விட்டுக்குடுக்கறவதானே. தப்பா எடுத்துக்க மாட்டன்னு நெனச்சேன்."

"நானா விட்டுக்குடுக்கறது வேற. எனக்குத் தெரியாம என் பேர அழிக்கிறது வேற. நாப்பத்தோரு வருஷத்துல செக்ரோல்ல ஒருத்தன் பேரக்கூட அவனுக்குத் தெரியாம நான் அழிச்சதில்ல. கள்ளு குடிச்சுட்டு ஒரு வாரம் வேலைக்கு வராதவன்கிட்டக்கூட, வீட்டுக்குப் போயிச் சொல்லிட்டுத்தான் அழிச்சிருக்கேன்."

ஷாமினி எழுந்தாள். "அப்பா, நீங்க உக்காருங்க. நான் பிள்ளைங்ககிட்டப் போறேன்."

"நீ உக்காரும்மா," என்றாள் தனலெட்சுமி. "நம்ம வீட்டுல எந்திரிக்கறது எப்பவும் பொம்பளைங்கதானா? இந்தக் கல்லு என் பேர்ல இருக்கு. யாரு உக்காரணும்னு நான் சொல்றேன்." பிறகு தம்பியைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. வாசலில் வந்து நிற்கிறவர்களைத் திட்டுகிற குரல்கூட இல்லை. "சுகு, பிள்ளைங்களுக்குப் பசிக்கும். பஃபேக்குக் கூட்டிட்டுப் போ. சின்னவனுக்குக் காரம் ஆகாது. ரெண்டாவது பொண்ணு சோறு வேணான்னு அழுவா, மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கிக் குடு, தக்காளி இல்லாம."

சுகுமாறன் நின்றான். அவள் எழுந்துவிடுவாள் என்று காத்திருந்தான். மற்றவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் தனலெட்சுமிக்கே கால் பரபரத்தது. அறுபது வருஷப் பழக்கம், அதற்கு என்ன தெரியும். இரண்டு கையாலும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவன் இன்னும் ஒருமுறை, "தனம்," என்றான். அவள் பிடியை விடவில்லை. திரும்பி நடந்தான். கதவு வரைக்கும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவரு இல்லாம நான் எப்படிச் சாப்பிடுறது?" என்று விமலா பாதி எழுந்தாள்.

"போறதுன்னா போ விமலா. யாரும் தடுக்கல."

எழுந்து போனாலும் காசு திரும்பாது என்று புக்கிங்கில் போட்டிருந்தது. இதற்கென்றே எடுத்த புதுப் புடவை வேறு. விமலா சிறிது நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டு உட்கார்ந்தாள்.

சமையல்காரர் வந்தார். கத்தி இரண்டையும் உரசி, முட்டையைத் தூக்கிப்போட்டுக் கரண்டியில் பிடித்து வித்தை காட்டினார். விமலாவின் அண்ணி மட்டும் கை தட்டினாள், பிறகு அவளும் நிறுத்திக்கொண்டாள். கல்லில் எண்ணெய் ஓடியது, பூண்டு வாசம் எழுந்தது, எறால்கள் சுருண்டு சிவந்தன. தம்பி பக்கத்தில் இல்லாதது தனலெட்சுமிக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதற்காக அவனைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று தோன்றவில்லை.

சமையல்காரர் முதல் எறாலைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு, யாருக்கு முதலில் என்று சுற்றிலும் பார்த்தார். தனலெட்சுமி தட்டை நீட்டினாள்.